பொம்மையின் தட்டத்தில் பிட்டும் இறாலும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே விடயத்தைப் பற்றியவை. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய ஃபாஷன் பொம்மைகளைச் சேகரித்துக் கண்ணாடி அலுமாரியில் வைத்திருப்பவர்கள், அவற்றின் முன்னால் வைப்பதற்குக் கையால் செய்த சிறுவடிவ உணவுகளை எப்படிப் பார்த்துத் தெரிவுசெய்வது என்று கேட்டிருக்கிறார்கள். ஆகவே பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: கனடாவில் இருக்கும் அக்கா இரண்டு பார்பிப் பொம்மைகளும், பெரிய தலையுடைய பிளைத் பொம்மை ஒன்றும் அனுப்பியிருக்கிறார். அவற்றுக்கென்று இணையத்தில் ஒரு காலை உணவுத் தொகுதி வாங்கினேன். படத்தில் அழகாக இருந்தது. கையில் வந்தபோது முழுப் பாணும் பொம்மைக்கு முன்னால் ஒரு பிஸ்கற் அளவில்தான் இருந்தது. எந்த அளவைக் கேட்டு வாங்க வேண்டும்?
– வாசகி ஒருவர், பரந்தன்

பதில்: உங்களுக்கு வந்திருப்பது பொம்மை வீட்டுக்கான அளவு. வீடு, தளபாடம், அடுப்பு என்று எல்லாவற்றையும் சிறிதாக்கி வைக்கும் பொம்மை வீடுகளில் உண்மைப் பொருளின் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பதே நெடுங்காலமாக வழக்கிலுள்ள கணக்கு. இங்கிலாந்தின் வின்சர் கோட்டையில் உள்ள, 1924இல் முடிக்கப்பட்ட மேரி அரசியாரின் பொம்மை வீடும் அந்தக் கணக்கில் கட்டப்பட்டதுதான். பார்பி அப்படியல்ல. 1959இல் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 29 சென்ரிமீற்றர். அதை ஆறால் பெருக்கினால் ஓர் உயரமான பெண்ணின் உயரம் வரும். எனவே அதற்கு வேண்டியது ஆறில் ஒரு பங்கு, அதாவது 1:6. நீளத்தில் பாதிதான் குறைகிறது என்று நினைக்கக்கூடாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் பாதியாகும்போது பருமன் எட்டில் ஒன்றாகிவிடுகிறது. உங்கள் பாண் பிஸ்கற்றானது அதனால்தான்.

விற்பவர் 1:6 என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், அடிமட்டத்தோடு எடுத்த படம் ஒன்றைக் கேளுங்கள். பிறகு உங்கள் குசினியிலுள்ள அதே பொருளை அளந்து ஆறால் பிரித்துப் பாருங்கள். 25 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சோற்றுத் தட்டம் 4 சென்ரிமீற்றருக்குச் சற்றே மேல் இருக்க வேண்டும். கோழிமுட்டை 1 சென்ரிமீற்றரை எட்டாது. இடியப்பம் 2 சென்ரிமீற்றர், அதாவது ஐந்து ரூபாய்க் குற்றியை விடச் சற்றுச் சிறிது. தொகுதியில் முட்டை இருந்தால் முதலில் முட்டையைத்தான் அளக்க வேண்டும். ஏனென்றால் பாணும் மீனும் எந்த அளவிலும் உண்டு என்று விற்பவர் வாதாடலாம், முட்டையில் அந்த வாதம் எடுபடாது.

பிளைத் பொம்மையின் கதை வேறு. அமெரிக்காவில் 1972இல் வெளிவந்து, பின்னர் 2001இலிருந்து ஜப்பானில் மீண்டும் தயாரிக்கப்படும் இந்தப் பொம்மை உயரத்தில் பார்பியை நெருங்கினாலும், அந்த உயரத்தில் பெரும்பகுதியைத் தலை எடுத்துக்கொள்கிறது. உடம்பும் கையும் சிறியவை. தலையைப் பார்த்து உணவு வாங்கினால் தட்டம் கைக்குப் பொருந்தாது. எந்தப் பொம்மையானாலும் கையை வைத்தே அளவைத் தீர்மானிப்பது நல்லது. பல ஃபாஷன் பொம்மைகளுக்குக் கை உடலோடு ஒப்பிடும்போது சிறியதாகவே வார்க்கப்படுகிறது. ஆகையால் மேசையில் வைப்பவை சரியான 1:6 ஆகவும், கையில் கொடுக்கும் வடை, கோப்பை, வாழைப்பழம் முதலியன அதைவிடச் சிறிது குறைவாகவும் இருந்தால் கண்ணுக்கு உறுத்தாது. அக்கா பின்னர் 40 சென்ரிமீற்றர் உயரமுள்ள பொம்மை அனுப்பினால் அதற்கு 1:4 தேவைப்படும். 46 சென்ரிமீற்றர்ச் சிறுமிப் பொம்மைகளுக்கு அதுவும் போதாது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேண்டும்.

வாங்கிய தொகுதியை எறிந்துவிட வேண்டாம். பன்னிரண்டில் ஒரு பங்கில் செய்த உரித்த தேங்காய், பார்பிக்கு விளாம்பழ அளவில் இருக்கும். பளபளப்பில்லாத சாம்பல் நிறத்தை மேலே தொட்டுவிட்டால் ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள்.

கேள்வி: நான் வாங்கியவை அளவில் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் சோறு, பிட்டு, இடியப்பம், இறால் கறி எதைப் பார்த்தாலும் பிளாஸ்ரிக் என்று உடனே தெரிந்துவிடுகிறது. கைவேலை என்று சொல்லித்தான் விற்றார்கள். உண்மையான உணவு என்று கண்ணை நம்பவைப்பது எது?
– வாசகி ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: நல்ல கேள்வி. இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கையால் செய்தது என்பதற்கும் உண்மைபோல் இருப்பது என்பதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. அச்சில் அழுத்தி எடுத்த நூறு வடைகளையும் கையால்தான் அழுத்தியிருப்பார்கள். நாம் பார்க்க வேண்டியவை இரண்டு: பளபளப்பு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இருக்கிறதா, ஒரே தட்டத்திலுள்ள இரண்டு துண்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றனவா.

பளபளப்பிலிருந்து தொடங்குவோம். ஒரு தட்டம் சோறும் கறியும் உண்மையில் எப்படி இருக்கும்? சோறு மங்கலாக இருக்கும். குழம்பு எண்ணெய் மிதந்து மினுங்கும். பொரித்த மீனின் தோல் ஆங்காங்கே மட்டும் மினுங்கும். சம்பலில் மினுக்கமே இராது. அவசர வேலைக்காரர் முழுத் தட்டத்துக்கும் ஒரே வார்னிஷைப் பூசிவிடுகிறார். அந்த ஒரு பூச்சிலேயே எல்லாம் பிளாஸ்ரிக் ஆகிவிடுகிறது. படத்தைப் பார்க்கும்போது சோற்றின் மேல் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெறிக்கிறதென்றால் வாங்காதீர்கள்.

சோற்றில் அடுத்து பார்க்க வேண்டியது பருக்கை. பூநகரி மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பரிசிச் சோற்றுப் பருக்கையை ஆறால் பிரித்தால் 1 மில்லிமீற்றரை ஒட்டித்தான் வரும். அதைச் செய்வதற்கு நல்ல கைவினையாளர்கள் பொலிமர் களிமண்ணை (வெதுப்பியில் இறுகும் ஒரு வகைச் செயற்கைக் களிமண்) மெல்லிய நூலாகப் பிழிந்து, இறுகவைத்து, சவர அலகால் நறுக்குகிறார்கள். நோகாமல் செய்பவர்கள் உருண்டை மணிகளைக் கொட்டிவிடுகிறார்கள். அது சவ்வரிசியாகத் தெரியுமே தவிரச் சோறாகத் தெரியாது. நிறமும் ஒரே சீராக இருக்கக்கூடாது. தீட்டிய சிவப்பரிசியில் தவிடு சில இடங்களில் கோடாக நிற்கும், சில இடங்களில் போய்விட்டிருக்கும்; எனவே வெளிறிய பருக்கைக்கு நடுவில் செங்கோடு விழுந்த பருக்கைகள் கலந்திருக்க வேண்டும். பருக்கையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் சிறிது ஒளி ஊடுருவ வேண்டும். வெள்ளைக் களிமண்ணோடு ஒளிபுகும் களிமண்ணையும் கலந்து செய்தால்தான் அந்தத் தன்மை வரும். சோறு, வெங்காயம், சொதி மூன்றையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்தலாம்.

பிட்டுக்கு வருவோம். இணையத்தில் விற்கப்படும் பிட்டு பெரும்பாலும் குழலில் அவித்த உருளை வடிவம். நம் வீடுகளில் நீத்துப்பெட்டியில் அவித்துக் கொட்டும் பிட்டு அப்படி நிற்காது. மேலே கூம்பின் அடையாளம் சிறிது தெரிந்தாலும் பக்கங்கள் உதிர்ந்து, தட்டத்தின் ஓரத்தில் தூள் சிந்தியிருக்கும். எந்த வகை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரண்டிலும் மாவு வேறு, தேங்காய்ப்பூ வேறு என்று தெரிய வேண்டும். சிவப்பரிசி மாவுக் குறுணிகளுக்கு இடையில் வெண்மையான, நீண்ட, ஒழுங்கற்ற தேங்காய்த் துருவல்கள் இல்லாவிட்டால் அது பிட்டல்ல, மண்.

இடியப்பத்தில் மோசடி உடனே தெரிந்துவிடும். நுளம்புத்திரி போல ஒரே சுருளாக, நடுவிலிருந்து வெளியே ஒழுங்காகச் சுற்றியிருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். உரலிலிருந்து பிழியும்போது இழைகள் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக விழும். ஓரத்தில் ஓரிரு இழை அறுந்து நீட்டிக்கொண்டிருக்கும். தட்டின் கண்கள் பதிந்த அடையாளம் அடிப்பக்கத்தில் இருக்கும். கணக்குப்படி இழை 0.2 மில்லிமீற்றர்தான் இருக்க வேண்டும். அந்த அளவுக்குப் பிழிவது கடினம், 0.3, 0.4 மில்லிமீற்றருக்குள் கொண்டுவந்திருந்தாலே தேர்ந்த வேலை என்று சொல்லலாம்.

இறாலில் பார்க்க வேண்டியது நிறம். நந்திக்கடல் இறாலை உரித்துக் கறிவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வளைவின் வெளிப்பக்கம் செம்மையாகவும் உட்பக்கம் வெளிறியும் இருக்கும். வால் நுனி இன்னும் கருஞ்சிவப்பாக இருக்கும். ஐந்து இறாலும் ஒரே வளைவில், ஒரே செம்மஞ்சளில் இருந்தால் அவை ஒரே அச்சிலிருந்து பிறந்தவை. கறிவேப்பிலையையும் கவனியுங்கள். பச்சைத் தூள் தூவியிருந்தால் அது வேலையைச் சுருக்கியது. ஓர் இலை உண்மையில் 3, 4 சென்ரிமீற்றர் இருக்கும் என்பதால், பொம்மைக் கறியில் அது அரைச் சென்ரிமீற்றர் நீளத்துக்கு நடு நரம்போடு தெரிய வேண்டும்.

இன்னொன்று. சிறிய பொருளில் கடும் நிறம் உண்மையை விடக் கடுமையாகவே தெரியும். அதனால் அனுபவமுள்ளவர்கள் கறியின் சிவப்பையும் கருகலின் கறுப்பையும் ஒரு படி வெளிறச் செய்கிறார்கள். ரொட்டியின் கருகலைத் தூரிகையால் தீட்டாமல், சோக்குப் பொடியை விரலால் தேய்த்து ஏற்றியிருந்தால் ஓரம் மங்கி மறையும். தீட்டிய கருகலுக்கு வெட்டிய ஓரம் இருக்கும்.

கேள்வி: இலண்டனில் உள்ள மருமகளுக்குப் பொம்மை சேகரிப்பதில் பெரும் ஆர்வம். நம் ஊர்ச் சாப்பாடாகவே ஒரு தொகுதி செய்வித்து அனுப்ப விரும்புகிறேன். கிளிநொச்சியில் வீட்டிலிருந்து செய்யும் ஒரு பிள்ளை இருக்கிறா. என்னவென்று சொல்லிக் கொடுப்பது?
– வாசகர் ஒருவர், மன்னார்

பதில்: முதலில் பொம்மையின் பெயரையும் உயரத்தையும் கேட்டுச் சொல்லுங்கள். பிறகு உணவுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பத்துச் சிறு தட்டங்களை விட, ஒரே வேளைக்குரிய நான்கு பொருட்கள் ஒன்றாக இருப்பது எப்போதும் மேலானது. காலைச் சாப்பாடு என்றால் இடியப்பம், சொதி, சம்பல், அவித்த முட்டை போதும். அதே மேசையில் பொங்கலையும் மோதகத்தையும் பொரித்த மீனையும் சேர்த்துவைத்தால் கைவேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கண் ஏற்காது.

வன்னிக்கே உரியது ஒன்று இருக்க வேண்டும் என்றால் என் தெரிவு சட்டியில் உறைந்த எருமைத் தயிர். வேலையும் நுணுக்கமானது. மேற்பரப்பில் ஆடை இலேசான மஞ்சளாகவும், கரண்டி வெட்டிய இடத்தில் தயிர் வெண்மையாகவும், அந்தப் பள்ளத்தில் தெளிந்த நீர் சிறிது தேங்கியும் இருந்தால், பொம்மைக்கு முன்னால் வைத்ததும் நம் ஊர்க்காரர் எவருக்கும் அடையாளம் தெரியும். சட்டிக்குப் பளபளப்பு ஏற்றவே வேண்டாம் என்று சொல்லுங்கள். பாலைப்பழமும் வைக்கலாம், ஆனால் அந்த அளவில் அது 2 மில்லிமீற்றர் மஞ்சள் மணிதான், ஒரு சிறு ஓலைப் பெட்டியில் குவித்து வைத்தால்தான் பழமாகத் தெரியும்.

உணவு தட்டத்தோடு ஒட்டியிருக்க வேண்டுமா, தனியாக எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டுமா என்பதையும் முன்பே முடிவுசெய்யுங்கள். குழம்பு உள்ளவை ஒட்டியிருப்பதே அழகு. முட்டை, வடை, பழம் ஆகியவை தனித்தனியாக இருந்தால் மருமகள் விரும்பியபடி மாற்றி வைத்துப் படம் எடுக்கலாம். அனுப்பும் வழியில் ஒன்று உடைந்தாலும் மற்றவை தப்பும்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். ஒரு தட்டம் பொம்மைச் சோற்றுக்கு உண்மைச் சாப்பாட்டை விடக் கூடுதலாகக் கேட்கிறார்களே என்று பேரம் பேச வேண்டாம். நூலாகப் பிழிந்து, நறுக்கி, ஊசி முனையால் அடுக்கிய பருக்கைகளுக்கான கூலி அது. விலையைக் குறைத்தால் வரப்போவது உருண்டை மணிச் சோறுதான்.

கேள்வி: இந்த உணவுகளை பொம்மையின் கையிலேயே வைத்திருந்தால் கறை பிடிக்கும் என்று சொல்கிறார்கள். உண்மையா? எந்தப் பொருளில் செய்தவை பாதுகாப்பானவை?
– வாசகி ஒருவர், வவுனியா

பதில்: உண்மைதான். பொம்மையின் தோல் பெரும்பாலும் வினைல் என்ற மென்மையான பிளாஸ்ரிக். அது நிறத்தை உறிஞ்சும். கடும் சிவப்பும் கறுப்பும் இறங்கிவிட்டால் எடுப்பது மிகவும் கடினம். வெப்பம் கூடும்போது இது விரைவாக நடக்கிறது. நமது தகரக்கூரை வீடுகளில் சித்திரை, வைகாசி மாதத்து மத்தியான வெப்பம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கையால் செய்பவர்களில் பெரும்பாலானோர் பயன்படுத்துவது பொலிமர் களிமண். இது பி.வி.சி. துகளையும் அதை மென்மையாக்கும் திரவத்தையும் சேர்த்துச் செய்யப்படுவது. வகைக்கேற்ப 110 முதல் 130 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் வெதுப்பியில் வைத்து இறுகச் செய்ய வேண்டும். சரியாக வெந்தது உறுதியாகவும், மெல்லிய பகுதியில் சிறிது வளைந்து கொடுப்பதாகவும் இருக்கும். வேகாதது பொருபொருவென்று உடையும், அதிலுள்ள திரவம் வெளியேறி வேறு பிளாஸ்ரிக்கையும் இளக்கிவிடும். ஆகவே கையில் எடுக்கும்போது ஒட்டுகிறதென்றால் அதைப் பொம்மையின் அருகில் வைக்கவே வேண்டாம். ஒட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிலர் வார்னிஷுக்குப் பதிலாக நகப்பூச்சைப் பூசிவிடுகிறார்கள். பொலிமர் களிமண்ணின் மேல் அது காலப்போக்கில் இளகிப் பிசுபிசுத்துவிடும். நீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் பூசினீர்களா என்று கேட்பதில் தவறில்லை.

சோளமாவையும் வெள்ளைப் பசையையும் காய்ச்சிப் பிசைந்து, காற்றில் உலரவிட்டுச் செய்வது இன்னொரு முறை. வெதுப்பி தேவையில்லை என்பதால் வீட்டில் செய்பவர்கள் பலர் இதை விரும்புகிறார்கள். இதழ்களும் இலைகளும் மிக மென்மையாக வரும். ஆனால் உலரும்போது சுருங்கும், எனவே அளவு சொன்னபடி வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தை இழுத்து இளகும், பூஞ்சணமும் பிடிக்கும். நம் பக்கத்துக்கு நான் பொலிமர் களிமண்ணையே சொல்வேன். மெழுகில் செய்தது வேண்டவே வேண்டாம். ஜப்பானிய உணவகங்களின் கண்ணாடிப் பெட்டிகளில் வைக்கும் மாதிரி உணவுகளை 1932இல் ஒசாகாவில் ஒரு தொழிலாக வளர்த்தெடுத்த இவாசாக்கி தாக்கிசோ மெழுகில்தான் தொடங்கினார். வெப்பத்தில் மெழுகு உருமாறி நிறமும் மங்குவதால் அந்தத் தொழிலே பின்னர் வினைலுக்கு மாறிவிட்டது.

குழம்புக்கும் தேநீருக்கும் ஊற்றும் றெசின், அதாவது கண்ணாடி போல் இறுகும் செயற்கைப் பிசின், முழுதாக இறுகியிருந்தால் தீங்கில்லை. நேர் வெயிலில் மட்டும் மஞ்சளாகும். பித்தளையில் செய்த சிறு மூக்குப்பேணிகளை நெடுநாள் பொம்மையின் கையில் விடாதீர்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது. பழைய பார்பிகளின் காதுகள் தோட்டின் உலோகத்தால் பச்சையாகிப் போனதை சேகரிப்பவர்கள் எல்லோரும் அறிவர்.

கேள்வி: உண்மையான ரவையை ஒட்டிச் சோறு செய்தால் என்ன? அளவும் சரியாகத்தானே இருக்கிறது.
– வாசகி ஒருவர், மாங்குளம்

பதில்: அளவு பரவாயில்லை. ஆனால் எறும்புக்கும் வண்டுக்கும் அது ரவைதான். படம் எடுத்துவிட்டு அன்றே கொட்டிவிடுவதானால் செய்யுங்கள்.

கேள்வி: வீட்டில் இரண்டு வயதுப் பேரன் இருக்கிறான். இவற்றைத் திறந்த மேசையில் வைக்கலாமா?
– வாசகி ஒருவர், மல்லாவி

பதில்: வைக்கக்கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்களைச் சோதிப்பதற்கு அமெரிக்காவில் 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்குவது எதுவும் தொண்டையில் அடைக்கக்கூடியது என்று கொள்ளப்படும். நாம் இதுவரை பேசியவற்றில் பெரிய தட்டத்தைத் தவிர ஏறத்தாழ எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். உண்மைபோல் இருக்கும் உணவு என்பதால் குழந்தை அதை வாயில்தான் வைப்பான். பூட்டுள்ள அலுமாரியே சரி.

கேள்வி: பார்பியின் விரல்கள் மடங்குவதில்லை. கோப்பையையும் வடையையும் கையில் எப்படி நிற்கவைப்பது? பசை போடலாமா?
– வாசகி ஒருவர், முள்ளியவளை

பதில்: பசை வேண்டாம், சுப்பர் குளூ வினைலில் வெள்ளைத் தழும்பை விட்டுப் போகும். தலைமயிர் கட்டும் நிறமற்ற சிறு இறப்பர் வளையம் போதும். கோப்பை என்றால் கைப்பிடியுள்ளதை வாங்குங்கள். பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையிலுள்ள வெளியில் அந்தப் பிடியைச் செருகி, வளையத்தைக் கையைச் சுற்றி ஒரு முறை போட்டால் நிற்கும். வடைக்குப் பின்பக்கத்தில் மெல்லிய கம்பி வளையம் ஒன்று பதித்துத் தரும்படி செய்பவரிடமே கேட்கலாம். களிமண் வேகுமுன் பதித்தால்தான் அது பிடிக்கும் என்பதால் கட்டளை கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்; பிறகு துளைத்தால் வடை இரண்டாகிவிடும். செப்புக் கம்பி வேண்டாம், துருப்பிடிக்காத உருக்குக் கம்பி என்று குறிப்பிடுங்கள். படம் எடுத்து முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிடுங்கள். நாட்கணக்கில் விட்டால் இறப்பரும் வினைலில் அடையாளம் வைக்கும்.